வடசென்னையில் தங்கும் ரூபாய் எவ்வளவு? வாசகர் கேள்வி பதில்

அரசின் வரியும் செலவும் உங்கள் பகுதியின் பிழைப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சொல்லிவைத்தாற்போல, கோட்டைக்கு வடக்கேயிருந்து வந்தவை. பெயரை அச்சிட வேண்டாமென்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐயா, வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு முதலில் ஆயிரம் கோடி என்றார்கள், அடுத்த ஆண்டே நாலாயிரம் கோடி என்றார்கள். மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் மளிகைக்கடை, டீக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் வியாபாரம் பழையபடிதான் என்கிறார்கள். அறிவிக்கும் பணமெல்லாம் எங்கேதான் போகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காலடிப்பேட்டை

அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. 2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட திட்டம், 2024 மார்ச் 14 அன்று 4,181 கோடி ரூபாய் மதிப்பில் 219 பணிகளாக விரிவாக்கப்பட்டுத் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தத் தொகை முழுவதும் நிதித்துறை புதிதாகக் கொண்டுவந்து கொட்டும் பணம் அல்ல. குடிநீர் வாரியம், மாநகராட்சி, மின்வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவை தத்தம் நிதியிலிருந்து செய்யும் வேலைகளும் சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் போடும் பணமும் ஒரே தலைப்பின்கீழ் கூட்டிக் காட்டப்படுகின்றன. எந்த அரசானாலும் இப்படித்தான் கூட்டிக் காட்டும். அதனால் தொகை பெரிதாகும்போதெல்லாம் அதே அளவுக்குப் பணமும் கூடுதலாக வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கேள்வியின் மையம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. உண்மையாகவே செலவான ஒரு ரூபாயில் எவ்வளவு உங்கள் தெருவில் நிற்கிறது? பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பி வெளிமாநிலத்து உருக்காலையிலிருந்து வருகிறது. சிமென்ட் அரியலூர்ப் பக்கமிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வருகிறது. ஒப்பந்ததாரரின் அலுவலகம் வேறெங்கோ இருக்கிறது. கம்பி கட்டவும் கான்கிரீட் போடவும் வந்திருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுச் செலவு போக மீதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் அனுப்புவதில் தவறே இல்லை, வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் அனுப்பியதும் இப்படித்தான். இங்கே நிற்பது டீக்கடைப் பாக்கி, ஹார்டுவேர் கடையின் சில்லறை விற்பனை, குட்டியானை வாடகை, சித்தாள் கூலியில் ஒரு பகுதி.

தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் பொருளியலாளர்கள் 2013-இல் செய்த ஒரு கணக்கீடு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அரசு மூலதனச் செலவாக ஒரு ரூபாய் போட்டால் நாட்டின் உற்பத்தி 2 ரூபாய் 45 காசு அளவுக்குப் பெருகும், உதவித்தொகையாகக் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு ரூபாய்தான் பெருகும் என்பது அதன் சாரம். ‘நாட்டின்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெருக்கம் நடப்பது உருக்காலை ஊர்களான ரூர்கேலாவிலோ பிலாயிலோ இருக்கலாம். நாட்டுக்கு நல்ல கணக்காக இருப்பது காலடிப்பேட்டைக்கும் நல்ல கணக்காக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பகுதி எவ்வளவுக்கு எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதிலிருந்து பணம் வெளியே கசியும்.

மெட்ரோவின் கதை இன்னும் சிக்கலானது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான ஒன்பது கிலோமீட்டர் நீட்டிப்பு 3,770 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து 2021 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்டது. வேலை நடந்த ஆண்டுகளில் நெடுஞ்சாலையின் இருபுறமும் கடை வைத்திருந்தவர்கள் தடுப்புத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செலவு நடந்துகொண்டிருந்தபோதே உள்ளூர் வியாபாரம் சுருங்கியது. திறந்த பிறகு வரும் பலன் கடைகளைவிட வீடுகளுக்கே முதலில் வந்து சேர்கிறது. காலையில் தேரடி நிலையத்தில் ஏறிக் கிண்டிக்கு வேலைக்குப் போகும் பெண், பேருந்தில் இரண்டு மணிநேரம் நசுங்கியபடி போகவேண்டும் என்பதற்காக முன்பு மறுத்திருக்கக்கூடிய வேலையை இப்போது ஏற்கிறார். மாதச் சம்பளம் திருவொற்றியூர் வீட்டுக்கு வருகிறது. அதே நேரத்தில் நிலையத்தைச் சுற்றி மனை விலையும் வாடகையும் ஏறுகின்றன. சொந்த வீடு உள்ளவருக்கு இது வரவு, ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்குச் செலவு. வடசென்னையில் வாடகைக்கு இருப்பவர்களே அதிகம் கண்ணில் படுவதால், இந்த இழப்பை யாரும் சரியாகக் கணக்கெடுப்பதில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மழைநீர் வடிகாலுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் செலவிடும் பணம் எந்தக் கடையின் கல்லாவிலும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்து அரிசி மூட்டையை இழந்த கடைக்காரரிடம் கேட்டால்தான் அதன் மதிப்புத் தெரியும். எனவே மளிகைக்கடை வியாபாரத்தை மட்டும் அளவுகோலாக வைத்துத் திட்டத்தைத் தோல்வி என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அப்படியானால் பாலம், சாலைக்குச் செலவிடாமல் மாதம் ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்துவிடுவதுதான் நல்லதா? இலவசம் என்று ஏசுகிறார்களே.
– இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

ஏசுகிறவர்களில் பலர் வருமான வரியில் கழிவு வாங்கும்போது அதை இலவசம் என்று சொல்வதில்லை, அம்மா. 2023 செப்டம்பர் 15-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை உங்கள் கைக்கு வந்ததும் எங்கே போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்: அண்ணாச்சி கடைப் பாக்கி, சிலிண்டர், பிள்ளையின் டியூஷன், சீட்டுக் கட்டணம். ஒரு சுற்றாவது அது கொருக்குப்பேட்டையைத் தாண்டாமல் சுற்றுகிறது. கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் போகும் ரூபாய்க்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு மேலே ஒரு மேம்பாலத்தைக் கட்டித் தராது. கேட்டில் நின்று நின்று வீணாகும் நேரமும் வருமானம்தான். இரண்டும் வேண்டும். எது எவ்வளவு என்பதில்தான் சண்டை.

எம்.சி. ரோட்டில் முப்பது ஆண்டுகளாக ரெடிமேட் கடை நடத்துகிறேன். நாங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் வண்ணாரப்பேட்டைக்கு என்ன திரும்பி வருகிறது?
– துணி வியாபாரி, பழைய வண்ணாரப்பேட்டை

ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். 800 ரூபாய்ச் சட்டைக்கு 5 சதவீத வரி 40 ரூபாய். அதில் 20 ரூபாய் மத்திய ஜி.எஸ்.டி., 20 ரூபாய் மாநில ஜி.எஸ்.டி. மூலப்பொருளுக்கு ஏற்கெனவே கட்டிய வரியைக் கழிக்கும் கணக்கை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். மத்திய அரசின் 20 ரூபாய் பகிர்வுக்குரிய தொகுப்புக்குள் போகிறது. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும் விகிதத்தைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவது சொன்ன 41 சதவீதத்தின்படி அதில் 8 ரூபாய் 20 காசு எல்லா மாநிலங்களுக்கும் உரியது. அந்தக் குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். ஆக, உங்கள் சட்டையின் மத்திய வரியிலிருந்து நேராகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது ஏறத்தாழ 33 காசு. இதே கணக்கில் மற்ற மாநிலங்களின் சட்டைகளிலிருந்தும் நமக்குக் காசு வருகிறது என்பதை மறக்கக்கூடாது.

மாநில அரசின் 20 ரூபாய் அதன் சொந்த வரி வருவாயில் சேர்கிறது. மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அதாவது 2 ரூபாய். அந்த 2 ரூபாயைத் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளும் ஒன்றியங்களும் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பிரித்துக்கொள்கின்றன. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் உங்கள் வார்டுக்கு எத்தனை காசு என்று கணக்கிட எனக்குக் கை வரவில்லை.

இதைவிட உங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. நெல்லூரிலிருந்து வரும் வியாபாரி தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, சரக்கை வாங்கி ஆந்திரத்துக்கு எடுத்துப்போனால், பில்லில் போடுவது ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. அதில் மாநிலத்துக்குரிய பங்கு, பொருள் நுகரப்படும் ஆந்திரத்துக்குப் போய்ச் சேரும். 2017 ஜூலை 1-க்கு முன்பு மத்திய விற்பனை வரி என்று 2 சதவீதம் இருந்தது, அது சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கே நின்றது. செய்து அனுப்பும் ஊருக்கு வரி என்பது போய், வாங்கி உடுத்தும் ஊருக்கு வரி என்று ஆனதுதான் ஜி.எஸ்.டி. கொண்டுவந்த பெரிய மாற்றம். தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்கள் அன்று தயங்கியதற்குக் காரணம் இதுவே. ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியை உறுதிசெய்யும் இழப்பீடு ஐந்தாண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2022 ஜூனோடு அதுவும் நின்றது. ஓர் அரசுக்குத் தன் மண்ணில் தொழிற்சாலை வருவதால் நேரடியாக வரும் வரி குறைந்துவிட்டால், அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் சாலையைச் சரிசெய்யும் ஆர்வமும் குறைந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. உங்கள் கடைத்தெருவுக்கு இது பெரும்பாலும் ஆறுதலான செய்திதான். விலை கூடிய, தைத்த கல்யாண ஆடை விற்பவர்கள்தான் புலம்புவார்கள்.

மத்திய அரசுக்கு நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது என்று மேடைதோறும் பேசுகிறார்களே, இது சரியான கணக்கா? கல்லூரியில் விவாதித்தோம், முடிவு எட்டவில்லை.
– பொருளியல் மாணவர், வண்ணாரப்பேட்டை

உங்கள் கல்லூரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இராஜாஜி சாலையில் சுங்க இல்லம் இருக்கிறது. அங்கே வசூலாகும் சுங்கவரியெல்லாம் தமிழ்நாடு கொடுத்த வரி என்று சொல்லலாமா? பெங்களூருக்குப் போகும் இயந்திரத்துக்கும் அங்கேதான் வரி கட்டுகிறார்கள். எதிர்ப்பக்கமும் பாருங்கள். நாடு முழுவதும் விற்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் வருமான வரி, தலைமையகம் மும்பையில் இருப்பதால் மராட்டியத்தின் கணக்கில் ஏறுகிறது. அந்த லாபத்தில் ஒரு பகுதி தண்டையார்பேட்டைக் கடைகளில் விற்ற சோப்பிலிருந்தும் பிஸ்கட்டிலிருந்தும் வந்தது. வரி வசூலான இடம் வேறு, வரியின் சுமையைத் தாங்கிய இடம் வேறு. ஆகவே ‘ஒரு ரூபாய்’ என்ற பகுதியே, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணே, உறுதியில்லாதது. பகுதி ஆடினால் 29-ம் ஆடும். மத்திய அரசு நேராகச் செய்யும் ரயில்வே, துறைமுகச் செலவைச் சேர்ப்பதா கூடாதா என்ற தகராறு தனி.

குறை உண்மையானது, ஆனால் அதைச் சொல்ல இதைவிட உறுதியான எண்கள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்களில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம். பதின்மூன்றாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.969 சதவீதம், பதினான்காவது கொடுத்தது 4.023, பதினைந்தாவது கொடுத்தது 4.079. பதினைந்தாவது குழு பங்கைத் தீர்மானித்தபோது 45 சதவீத எடையை ‘வருமான இடைவெளி’ என்ற அளவுகோலுக்குக் கொடுத்தது. வளர்ந்த மாநிலத்துக்குக் குறைவு, வளராததற்கு அதிகம் என்பதே அதன் பொருள். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறியவர்களுக்கென்று வைத்த எடை 12.5 சதவீதம். இந்த எடைகளைப் பற்றி விவாதியுங்கள், உங்கள் விவாதம் எங்காவது போய்ச் சேரும்.

விவாதத்தில் எதிரணியினர் சொல்லக்கூடிய ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை நடப்பிலிருந்த சரக்குக் கட்டணச் சமப்படுத்தல் கொள்கையால், ஜாம்ஷெட்பூரில் செய்த உருக்கு, ஜாம்ஷெட்பூருக்கு அருகே என்ன விலையோ ஏறத்தாழ அதே விலைக்குச் சென்னையிலும் கிடைத்தது. கனிமமும் நிலக்கரியும் இருந்த கிழக்கு மாநிலங்கள், ஆலைகளைத் தம் பக்கம் இழுக்கும் இயற்கையான வசதியை இழந்தன. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அம்பத்தூரிலும் லேத் பட்டறைகள் ஓடியதற்கு நம் தொழிலாளர்களின் கைத்திறன் ஒரு காரணம் என்றால், தூரத்துக்குக் கூலி கொடுக்காமல் வந்த உருக்கு மற்றொரு காரணம். அதை எந்த மேடையிலும் வரவில் எழுதியதில்லை. கோட்டைக்குத் தெற்கே வசூலாகும் மாநில வரி இராமநாதபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கும் எர்ணாவூர் வடிகாலுக்கும் போகவேண்டும் என்று நாம் கேட்கும்போது, வளர்ந்த இடத்தின் வரி வளராத இடத்துக்குப் போகவேண்டும் என்ற பிகாரின் வாதத்தையே நாமும் பேசுகிறோம்.

டீசலில்தான் எங்கள் தொழில். விலை ஏறினால் கரைக்கு வந்த மீனை விற்றுக் கடனை அடைக்க முடிவதில்லை. டீசல் மேல் போடும் வரியில் எங்களுக்கு என்ன பங்கு?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

மாநில அரசு தன் விற்பனை வரியிலிருந்து மீன்பிடிப் படகுகளுக்கான டீசலுக்கு, ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்புக்குள், விலக்கு கொடுக்கிறது. மத்திய அரசின் வரி வேறு கதை. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய அரசு வாங்கிய மொத்த வரி 31 ரூபாய் 80 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போடப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மீதி 30 ரூபாயும் சாலை மேம்பாட்டு செஸ், வேளாண் உள்கட்டமைப்பு செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வந்தவை. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கும் செஸ், வரிக்கு மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜ் இரண்டும் அரசியலமைப்பின் 270-ஆம் பிரிவின்படி பகிர்வுத் தொகுப்புக்குள் வராதவை. நிதிக்குழு 41 சதவீதம் என்று சொன்னாலும், தொகுப்புக்கு வெளியே வசூலைக் கூட்டக் கூட்ட, உண்மையில் பகிரப்படுவது அதைவிடக் குறைந்துகொண்டே போகும். அதன் பிறகு வரி பலமுறை ஏறியும் இறங்கியும் இருக்கிறது, ஆனால் இந்த அமைப்பு மாறவில்லை.

சாலை செஸ் என்று கட்டுகிறீர்களே, உங்கள் படகு எந்தச் சாலையில் ஓடுகிறது? இதைக் கேட்டால் சட்டப்படி யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. செஸ் கட்டியவருக்கே பயன்பட வேண்டும் என்று விதி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மாநில அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், வலை பின்னுபவர், கருவாடு போடும் பெண்கள் என்று துறைமுகத்தைச் சுற்றிப் பிழைக்கும் பலருக்கு அந்த இரண்டு மாதமும் வெறும் கைதான். டீசல் விலையின் சுமை உங்கள் படகோடு நிற்பதில்லை, இவர்களுடைய கூலிவரை இறங்குகிறது.

வரியை மாற்றினால் ஓர் ஊரில் ஆலை வளரும், மற்றோர் ஊரில் தேயும் என்பது உண்மையா, அல்லது வெறும் பாடப்புத்தகமா?
– தனியார் நிறுவன ஊழியர், விம்கோ நகர்

உங்கள் முகவரியே அதற்குச் சாட்சி. மெட்ரோ நிலையத்தின் பெயரில் இருக்கும் விம்கோ, ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் 1920களில் தொடங்கிய தீப்பெட்டி நிறுவனம். திருவொற்றியூரில் அதற்கு இயந்திர ஆலை இருந்தது. 1934-இல் வெள்ளையர் அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. பிற்காலத்தில், கையால் செய்யும் சிறு ஆலைகளுக்குக் குறைந்த வரி, இயந்திர ஆலைக்குக் கூடிய வரி என்ற வேறுபாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. கட்டு ஒன்றுக்குச் சில காசு வித்தியாசம்தான். தீப்பெட்டி போன்ற மலிவான பொருளில் அந்தச் சில காசே முழு லாபம். தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் பெருகியது. வரி மட்டுமே காரணமன்று, மானாவாரி நிலமும் வறண்ட காற்றும் குறைந்த கூலியும் சேர்ந்தே அதைச் செய்தன. வேலையில்லாத வட்டாரத்துக்கு வேலை கொடுத்த அதே சலுகைதான், ஒரு காலத்தில் அங்கே சிறுமிகளின் விரல்களையும் அந்த வேலைக்குள் இழுத்தது. சலுகையைத் தீட்டியவர்கள் கோப்பில் அதை எழுதியிருக்கமாட்டார்கள்.

ஜி.எஸ்.டி. வந்தபோதும் கையால் செய்ததற்கு 5, மற்றவைக்கு 18 என்று அந்த வேறுபாடு தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியவர்கள் கோவில்பட்டிக்காரர்கள். பல பத்தாண்டு முன் வரியால் ஒரு வட்டாரத்துக்குக் கிடைத்த தூக்கலை இன்னொரு வரி முடிவு ஒரே நாளில் இறக்கிவைத்தது.

2022-இல் எங்கள் வீட்டுச் சொத்துவரி முக்கால் பங்கு ஏறிவிட்டது. பக்கத்திலேயே ஏக்கர் கணக்கில் கிடக்கும் ரயில்வே நிலத்துக்கு வரி இல்லையாமே?
– வீட்டு உரிமையாளர், இராயபுரம்

முக்கால் பங்கு என்றால் உங்கள் வீடு 600-லிருந்து 1,200 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குக் கீழ் 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளுக்கு 25, 50, 75, 100 என்று சற்றுக் குறைவு. 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வே நடக்காததால் ஒரேயடியாக ஏறியது. சொத்துவரியைத் திருத்தாத மாநிலத்தின் நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று பதினைந்தாவது நிதிக்குழு வைத்த நிபந்தனைதான் கடைசித் தள்ளு. இராயபுரத்து வீட்டுவரி ரசீதில் டெல்லியின் கை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ரயில்வே நிலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு மாநில, உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதற்கு ஈடாகச் சேவைக் கட்டணம் என்று ஒன்றை வாங்கலாம், ஆனால் அது முழு வரிக்குச் சமம் ஆகாது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரத்திலும், பெரம்பூரிலும், கொருக்குப்பேட்டையிலும் நகரத்தின் மதிப்புமிக்க நிலம் பரந்து கிடக்க, அதைச் சுற்றியுள்ள சிறு வீடுகள் மாநகராட்சியின் விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் பணம் கட்டுகின்றன. தொழில்வரியைக் கூட்டலாம் என்றால், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 1988-இல் வைத்த உச்சவரம்பு இன்னும் நகரவில்லை.

ஆனாலும் ரயில்வேயை வெறும் வரி கட்டாத பக்கத்துவீட்டுக்காரராகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 1955 அக்டோபர் 2-இல் திறந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பும் அதற்கு முன்பே இருந்த பெரம்பூர்ப் பணிமனைகளும் மாதந்தோறும் கொடுத்த நிரந்தரச் சம்பளத்தில்தான் அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கத்தின் நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நின்றன. எந்தக் குடும்பத்தில் ஒருவர் ‘கேரேஜில்’ இருந்தாரோ அந்தக் குடும்பத்துக்குக் கடைக்காரர் யோசிக்காமல் கடன் கொடுத்தார். ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் வேலையை ஒப்பந்தத்துக்கு விடும்போது, மத்திய நிதிநிலை அறிக்கையில் அது சிக்கனம். பெரம்பூர் நெடுஞ்சாலைக் கடைகளுக்கு அது வேறு பெயர்.

எண்ணூர்த் துறைமுகம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தும் எண்ணூர் மக்களுக்குத் தூசியும் லாரியும்தானே மிச்சம்?
– எண்ணூர்

2011 அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள உயர் நீதிமன்றம் தடைவிதித்ததால் இராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது, கரி எண்ணூருக்கு வந்தது. கரியோடு அதன் பாரம் ஏற்றி இறக்கும் கூலியும் வந்திருக்க வேண்டும், ஆனால் 2001-இல் தொடங்கிய புதிய துறைமுகத்தில் பெரும்பாலான வேலையைக் கன்வேயர் பட்டை செய்கிறது. இராயபுரம் இழந்த கூலி எண்ணூருக்கு வரவில்லை, இடையில் காணாமல் போனது.

பணத்தின் வழியையும் பாருங்கள். 2020 மார்ச்சில், காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த 67 சதவீதப் பங்கைச் சென்னைத் துறைமுகம் 2,383 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. ஒரு பொதுச் சொத்தை இன்னொரு பொது நிறுவனம் வாங்கியது. பணம் மத்திய அரசின் பங்கு விற்பனைக் கணக்கில் வரவானது. கடற்கரையில் ஒரு புதுக் கப்பல்துறையோ, லாரிகள் நிற்க ஓர் இடமோ அதனால் வந்துவிடவில்லை. அந்த ஆண்டின் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டப் பயன்பட்ட அந்தத் தொகை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வரிசையைக் குறைக்கச் செலவாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எங்கள் வார்டில் உண்மையில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கொடுங்கையூர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ‘எவ்வளவு ஒதுக்கப்பட்டது’ என்று கேட்காதீர்கள், அது ஏற்கெனவே சுவரொட்டியில் இருக்கும். வேலையின் பெயர், பணி ஆணையின் தேதி, ஒப்பந்ததாரர், இன்றைய தேதிவரை பட்டியல் ஏற்று வழங்கப்பட்ட தொகை ஆகிய நான்கையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு நகலை எனக்கும் அனுப்புங்கள்.